ஒரு பெரிய எண்ணும் அதன் இரு காரணிகளும்

எண்கள் விஞ்ஞானபீடத்தாரின் உடைமை, சொற்கள் கலைப்பீடத்தாரின் உடைமை என்றொரு பாகப்பிரிவினை எமது கல்வியுலகில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்த சில வாரங்களிலேயே அப்பிரிவினை நடந்தேறிவிடுகின்றது. அதன்பின் கலைப்பிரிவு மாணவர் எண்களைச் சந்திப்பது ஆண்டுகளாகவும் பக்க இலக்கங்களாகவுமே. இந்நிலையில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் ஒருத்தி ஓர் எண்ணைப் பற்றிக் கட்டுரை வரைய முற்படுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும் இங்கு நான் எடுத்துக்கொண்ட எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு கூற்றை நாம் எதன் பொருட்டு உண்மையென ஏற்கின்றோம் என்னும் வினாவே அவ்வரலாற்றின் உயிர்நாடி. அவ்வினா எல்லாப் பீடங்களுக்கும் பொதுவானது.

எண் இதுதான்: 147573952589676412927.

இருபத்தோர் இலக்கங்களைக் கொண்ட இதனை வலப்புறமிருந்து ஏழேழாகப் பிரித்தால் எமது வழக்கப்படியே வாசித்துவிடலாம். 14 இலட்சத்து 75 ஆயிரத்து 739 கோடி கோடி. 52 இலட்சத்து 58 ஆயிரத்து 967 கோடி. 64 இலட்சத்து 12 ஆயிரத்து 927. தோற்றத்தில் மலைப்பூட்டினும் இதன் பிறப்பு மிக எளியது. இரண்டை அறுபத்தேழு முறை எழுதி அவற்றை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் இவ்வெண் கிடைக்கும். சுருங்கக் கூறின், இது 2 இன் 67 ஆம் வலுவிலும் ஒன்று குறைந்தது.

தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணை முதன்மை எண் என்பர். அவ்வாறு வகுபடுவது சேர்த்தி எண். 2 இன் வலுவிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது சில வேளைகளில் முதன்மை எண்கள் கிடைக்கின்றன. சுட்டி 2, 3, 5, 7 ஆகும்போது முறையே 3, 7, 31, 127 கிடைக்கும்; இவை நான்கும் முதன்மை எண்கள். சுட்டி முதன்மை எண் அல்லவாயின் விடையும் முதன்மை எண் ஆகாது. சுட்டி 6 எனின் விடை 63. அது 7 ஆலும் 9 ஆலும் வகுபடும். ஆயின் சுட்டி முதன்மை எண்ணாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. சுட்டி 11 எனின் விடை 2047. அது 23 ஐயும் 89 ஐயும் பெருக்கிய பெருக்கம். ஆகவே எந்தச் சுட்டி பலன் தரும், எது தராது என்பதை ஒவ்வொன்றாக ஆராய்ந்தே அறியவேண்டியுள்ளது.

பிரான்சு தேசத்துத் துறவியாகிய மரின் மேர்சென் 1644 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் 257 வரையுள்ள சுட்டிகளில் முதன்மை எண்களைத் தருவன இவை என ஒரு பட்டியலை வழங்கினார். 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 என்பன அவை. எமது எண்ணுக்குரிய 67 அப்பட்டியலில் இடம்பெற்றிருப்பதைக் காண்க. மேர்சென் தம் காலத்து அறிஞர் பலரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். ஐரோப்பியக் கணித உலகில் மதிப்புப் பெற்றவர். அவர் தமது பட்டியலுக்கு நிறுவல் எதனையும் தரவில்லை. ஆயினும் பட்டியல் நிலைத்தது. அதிலுள்ள 31 சரியென ஒயிலர் 1772 இல் நிறுவினார். 67 பற்றிய கூற்றோ 232 ஆண்டுகள் அசைவின்றி நின்றது. சொன்னவர் பெரியவர் என்பதும், எண் பெரியது என்பதும் அதற்கு இரு காவல்களாக அமைந்தன.

1876 இல் எடுவார் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணிதர் அக்காவலைத் தகர்த்தார். 67 தரும் எண் முதன்மை எண் அன்று என அவர் நிறுவினார். இங்கு ஒரு விந்தையைக் கவனித்தல் வேண்டும். இன்ன எண்ணால் இது வகுபடும் என அவர் காட்டவில்லை. காரணி ஒன்றையேனும் அறியாமலே, காரணிகள் இருந்தே தீரவேண்டும் என அவர் முடிவு கண்டார்.

இஃது எங்ஙனம் இயலும்? லூக்கா வகுத்து, பின்னர் 1930 இல் லேமர் செப்பஞ்செய்த சோதனையைக் கொண்டு இதன் போக்கை விளக்கலாம். 4 இல் தொடங்குக. அதனைத் தன்னாலேயே பெருக்கி இரண்டைக் கழிக்க 14 வரும். மீண்டும் அவ்வாறே செய்ய 194 வரும்; அடுத்து 37634. சுட்டி 3 எனின் இத்தொடரின் இரண்டாம் உறுப்பை நோக்குக: 14 ஆனது 7 ஆல் மீதியின்றி வகுபடுகின்றது, ஆகவே 7 முதன்மை எண். சுட்டி 5 எனின் நான்காம் உறுப்பை நோக்குக: 37634 ஐ 31 ஆல் வகுக்க 1214 வருகின்றது, மீதியில்லை, ஆகவே 31 முதன்மை எண். சுட்டி 67 எனின் அறுபத்தாறாம் உறுப்பை நோக்குதல் வேண்டும். ஒவ்வொரு படியிலும் எமது எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தால் கணக்குக் கைக்கடங்கி நிற்கும். இறுதியில் மீதி பூச்சியம் ஆவதில்லை. ஆதலால் இவ்வெண் முதன்மை எண் அன்று. தீர்ப்புக் கிடைத்துவிட்டது, காரணிகள் மட்டும் இருளில் இருந்தன.

வரலாற்று மாணவருக்கு இந்நிலை புதியதன்று. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கொன்ஸ்ரன்ரைன் பேரரசர் மேற்கு நாடுகளின் ஆட்சியுரிமையைப் பாப்பரசருக்கு அளித்தார் எனக் கூறும் ஆவணமொன்று ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் மதிக்கப்பட்டு வந்தது. 1440 இல் லொறென்சோ வல்லா அவ்வாவணத்தின் இலத்தீன் மொழியை ஆராய்ந்து, அதிலுள்ள சொற்கள் அப்பேரரசரின் காலத்துக்கு உரியனவல்ல எனக் காட்டி அது போலியென நிறுவினார். அதனை எழுதியவர் பெயரை அவர் கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. பொய் எனக் காட்டுவது ஒரு பணி. உண்மை இன்னது எனக் காட்டுவது பிறிதொரு பணி. முதற்பணி முடிந்ததும் இரண்டாவதும் முடிந்துவிட்டதென எண்ணுவோர் எல்லாத் துறைகளிலும் உளர்.

எமது எண்ணைப் பொறுத்தவரை இரண்டாவது பணி மேலும் 27 ஆண்டுகள் காத்திருந்தது. ஒவ்வொரு சிறிய எண்ணாக வகுத்துப் பார்க்கலாமே எனத் தோன்றலாம். இவ்வெண்ணின் வர்க்கமூலம் 1214 கோடியிலும் பெரியது. அதுவரையுள்ள எண்களால் வகுத்துப் பார்ப்பது மனித ஆயுளுக்குள் அடங்காது. நல்வாய்ப்பாக, இத்தகைய எண்ணுக்குக் காரணி உண்டெனின் அது ஓர் ஒழுங்குக்கு உட்பட்டே வரும். 67 இன் இருமடங்காகிய 134 ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். 8 ஆல் வகுத்தால் மீதி 1 ஆகவோ 7 ஆகவோ இருத்தல் வேண்டும். இவ்விதிகள் தேடும் பரப்பை வெகுவாகச் சுருக்கிய போதும், எஞ்சிய பரப்பும் சிறிதன்று.

கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் செயலாளருமாகிய பிராங் நெல்சன் கோல் அப்பரப்பினுள் இறங்கினார். இருபடி மீதிகள் பற்றிய கோட்பாட்டைத் துணைக்கொண்டு மேலும் பல எண்களை விலக்கி, இறுதியில் காரணிகளைக் கண்டார். 1903 ஒக்ரோபர் 31 ஆம் திகதி நியூயோர்க்கில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் அதனை வெளியிட்டார். அந்நாளைப் பற்றிய கதை கணித நூல்களில் புகழ்பெற்றது. கோல் எழுந்து கரும்பலகைக்குச் சென்றார். ஒரு சொல்லும் பேசாது 2 இன் 67 ஆம் வலுவைக் கணித்து ஒன்றைக் கழித்தார். பின்னர் பலகையின் வேறோர் இடத்தில் இரு எண்களை எழுதி முறைப்படி பெருக்கினார். இரு விடைகளும் ஒத்தன. பேசாமலே இருக்கைக்குத் திரும்பினார். அவை கரவொலி எழுப்பியது. இதனைக் கண்டறிய எவ்வளவு காலம் சென்றது எனப் பின்னாளில் வினவப்பட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என அவர் விடையளித்தாராம்.

இக்கதை என்னை ஈர்த்தது. ஆனால் கதையைக் கேட்டவுடன் மூலத்தைத் தேடுவது எமது துறை கற்றுத்தந்த வழக்கம். கதையை உலகறியச் செய்தவர் எரிக் ரெம்பிள் பெல் என்னும் கணிதர். 1951 இல் வெளிவந்த தமது நூலில் அதனை எழுதினார். 1903 இல் பெல் கலிபோர்னியாவில் மாணவராக இருந்தார். கூட்டம் நடந்ததோ அக்கண்டத்தின் மறுகரையில். ஆகவே அந்த மௌனமும் கரவொலியும் நேரிற் கண்டவரின் பதிவு என வாதிடுதல் அரிது. விடுதி அறையில் இதனை எடுத்துரைத்தபோது, கணிதத்தைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் தோழி நகைத்தாள். “உங்கள் வரலாறு முழுவதும் இப்படித்தானே? ஒரு சாட்சிக்கு எதிராக இன்னொரு சாட்சி. பெருக்கிப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள உங்களிடம் எதுவும் இல்லை,” என்றாள்.

அன்றிரவு நான் கோல் கண்ட காரணிகளைத் தாளில் எழுதிக்கொண்டு அமர்ந்தேன். அவை 193707721, 761838257287. பெரிய காரணியை மேலே எழுதி, சிறியதை அதன் கீழே எழுதினேன். கீழ் எண்ணில் ஒன்பது இலக்கங்கள். அவற்றுள் ஒன்று பூச்சியம். ஆகவே எட்டு வரிசைகள். 7 என்னும் இலக்கம் மும்முறை வருவதால் 5332867801009 என்னும் வரிசையை ஒருமுறை கணித்து, இடம்பெயர்த்து மூன்று தடவை எழுதினாற் போதும். 9 இன் வரிசை 6856544315583. 3 இன் வரிசை 2285514771861. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை அறிந்த பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் மேற்பட்ட எதுவும் அதில் இல்லை. வரிசைகளை நேர்ப்படுத்தி வலமிருந்து கூட்டிக்கொண்டு வந்தபோது 927 வந்தது; பின்னர் 412; பின்னர் 676. நாற்பது நிமிடங்களுக்குள் 147573952589676412927 முழுமையாகத் தாளில் நின்றது.

சரிபார்க்கும் பழைய முறையொன்றையும் பயன்படுத்தினேன். ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, வருவதை மீண்டும் கூட்டித் தனியிலக்கம் ஆக்குவது அம்முறை. சிறிய காரணியின் இலக்கக் கூட்டல் 37. அது 10 ஆகி 1 ஆகின்றது. பெரியதன் கூட்டல் 64. அதுவும் 10 ஆகி 1 ஆகின்றது. பெருக்கத்தின் கூட்டல் 109. அதுவும் அவ்வாறே 1. ஒன்றை ஒன்றாற் பெருக்க ஒன்று. இச்சோதனை தன்னளவில் நிறுவல் ஆகாது. தவறான விடையும் சில வேளை இதனைத் தாண்டிவிடும். முரண்பாடு இல்லாமை உண்மைக்கு அறிகுறியே அன்றி உண்மையே அன்று. அதற்குப் பெருக்கல்தான் வேண்டும். பெருக்கல் கையில் இருந்தது.

நியூயோர்க் மண்டபத்தில் எவர் கரவொலி எழுப்பினர் என்பதை நான் பெல்லின் வாய்மொழியாகவே அறிவேன். ஆயின் இப்பெருக்கலுக்கு எனக்குப் பெல்லும் வேண்டியதில்லை, கோலும் வேண்டியதில்லை. இவ்வுணர்வு என்னை ஏன் அத்துணை ஆழமாகத் தொட்டது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு.

மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். என் தாய் கொழுந்து பறித்தவர். பறித்த கொழுந்தை நிறுத்து, சாக்கின் எடைக்கும் இலையின் ஈரத்துக்குமென ஒரு தொகையைக் கழித்து, எஞ்சியதையே ஏட்டில் ஏற்றுவர். குறித்த அளவுக்குக் குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆயினும் தாம் வேலைக்குச் சென்ற நாட்களையும் அரைப்பேர் விழுந்த நாட்களையும் லயத்துச் சமையற்கட்டின் சுவரில் கரிக்கோடுகளாக இட்டு வைப்பார். சம்பள நாளன்று அக்கோடுகளை எண்ணி, நாட்சம்பளத்தாற் பெருக்கி, பிடிப்புகளைக் கழித்துத் தாளில் எழுதித் தருவது என் பணி. என் தொகையும் சம்பளத் துண்டின் தொகையும் ஒத்த மாதங்களும் உண்டு. ஒவ்வாத மாதங்களும் உண்டு. ஒவ்வாத மாதங்களில் அம்மா அத்தாளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போவார். “பெரிய புத்தகத்தில் இருப்பதுதான் சரி” என்ற விடையோடு திரும்பி வருவார். அப்பெரிய புத்தகத்தை அவருக்கு ஒருவரும் திறந்து காட்டியதில்லை.

மேர்சென்னின் பட்டியலும் ஒரு பெரிய புத்தகத்தில்தான் இருந்தது. அதனைப் பின்னாளில் முழுமையாகச் சோதித்தபோது ஐந்து பிழைகள் வெளிப்பட்டன. 67 உம் 257 உம் அதில் இருக்கத் தகாதவை. 61, 89, 107 ஆகியன இருக்கவேண்டியவை, விடுபட்டுப் போயின. இவற்றுள் 61 இன் உரிமையை 1883 இல் நிறுவியவர் பெர்வுஷின் என்னும் ரஷ்யக் குருவானவர். அச்சிட்டபோது 61 என்பது 67 ஆகத் திரிந்திருக்கலாம் என மேர்சென்னுக்காகப் பரிந்துரைப்போரும் உளர். பட்டியல் முழுவதும் தெளிவானது 1947 இல். அதாவது வெளிவந்து 303 ஆண்டுகளின் பின்னர். ஆகவே வாய்மொழியை நம்பும் நோய் வரலாற்றுக்கு மட்டும் உரியதெனத் தோழி கூறியதை நான் ஒப்பவில்லை. கணிதத்துக்கும் அந்நோய் இருந்தது. மருந்து எவருடைய கைக்கும் எட்டும் என்பதிலேயே கணிதத்தின் சிறப்பு உள்ளது.

கண்டுபிடிப்பதற்கு மூன்று ஆண்டுகளின் ஓய்வு நாட்கள். சரிபார்ப்பதற்கு நாற்பது நிமிடங்கள். இவ்வேற்றத்தாழ்வு இன்று நடைமுறைப் பயனும் பெற்றுவிட்டது. 1977 இல் றிவெஸ்ற், ஷமீர், அடில்மன் ஆகிய மூவர் வகுத்த மறைகுறியீட்டு முறை, இரு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம் என்னும் உண்மையின் மீதே நிற்கின்றது. கோல் ஆராய்ந்த எண்ணை இன்றைய கணினி இமைப்பொழுதில் பிரித்துவிடும். 2024 ஒக்ரோபரில் அறிவிக்கப்பட்ட, மேர்சென் வகையைச் சேர்ந்த முதன்மை எண்ணின் சுட்டி 136279841. அவ்வெண்ணுக்கு நான்கு கோடியே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன. அதனைத் தாளிற் பெருக்கிப் பார்க்க எவராலும் இயலாது. ஓர் இயந்திரம் கண்டதை வேறு இயந்திரங்கள் வேறு செய்நிரல்களைக் கொண்டு சரிபார்த்த பின்னரே அறிவித்தனர். அங்கும் ‘நான் கண்டேன், நம்புக’ என்பது போதவில்லை.

கோலின் உழைப்பால் விளைந்த பயன் யாதென வினவுவோர்க்கு நான் கூறக்கூடியது இதுவே. தாம் செலவிட்ட ஞாயிற்றுக்கிழமைகளைக் காட்டி அவர் எவரிடமும் நம்பிக்கையைக் கோரவில்லை. தம்மிலும் எத்துணையோ குறைந்த அறிவுடைய ஒருவர், தாளும் பேனாவும் கொண்டு, தம்மைச் சோதிக்கக்கூடிய வடிவில் விடையை வைத்துவிட்டுச் சென்றார். ஆராய்ச்சியாளர் ஒருவர் வாசகருக்குச் செலுத்தக்கூடிய மரியாதை இதனினும் உயர்ந்ததாக இருக்கும் என எனக்குத் தோன்றவில்லை. வரலாற்றில் எல்லாவற்றையும் பெருக்கித் தீர்க்க இயலாது என்பது மெய்யே. ஆயினும் எமது அடிக்குறிப்பு, ஆவணத்தின் இருப்பிடம், அதன் பக்கம், அதன் திகதி ஆகியன கரும்பலகையில் எழுதப்பட்ட இரு காரணிகளைப் போன்றவை. அவற்றைத் தருபவர் தம்மைச் சோதிக்க வாசகரை அழைக்கின்றார். தராதவர் பெரிய புத்தகத்தை மூடி வைத்திருக்கின்றார்.

இவ்வாண்டு சிறப்புப் பட்டத்துக்கான ஆய்வேட்டிற்காகப் பழைய தோட்டமொன்றின் செக்றோல் ஏடுகளைப் பார்வையிட்டு வருகின்றேன். ஒவ்வொரு மாத இறுதியிலும் ஒரு கூட்டுத்தொகை எழுதப்பட்டுள்ளது. அத்தொகைகளை அப்படியே எடுத்தாள்வது எளிது. அட்டவணை விரைவில் நிறைந்துவிடும். நான் ஒவ்வொரு வரிசையையும் மீண்டும் கூட்டுகின்றேன். ஏட்டின் தொகையை ஒரு நிரலிலும், நான் கூட்டிய தொகையை அடுத்த நிரலிலும், ஏட்டின் பக்கத்தை மூன்றாம் நிரலிலும் எழுதி வருகின்றேன். முதலாம் வருட மாணவர் ஒருவர் ஒரு பிற்பகற் பொழுதில் அதனைச் சரிபார்த்துவிடலாம்.